வெயில் ஏறும் முன் டயரைப் பாருங்கள்

கார் டயர் காற்று பற்றிப் புதுக்கோட்டை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கார் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பங்கில் காற்று அடிக்கும் தம்பி "எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்று கேட்கும்போதெல்லாம் 35 என்று சொல்லிவிடுகிறேன். என் மச்சான் 30 போதும் என்கிறார். டயரிலேயே 51 என்று அச்சடித்திருக்கிறது. எதைத்தான் வைப்பது?
*(வாசகர், கீரனூர்)*

பதில்: மூன்றையும் விட்டுவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்துகிற தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் அது பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று அதில் போட்டிருக்கிற எண்தான் உங்கள் காருக்கு உரியது. கையேட்டிலும் அதே எண் இருக்கும். காரின் எடை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, பிரேக் பிடித்தால் கனம் எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார்கள்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் 51 அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதே டயரைப் பத்து வகைக் கார்களுக்கு மாட்டுவார்கள். டயர் செய்தவருக்கு உங்கள் கார் எது என்று தெரியாது. 51 வைத்து ஓட்டினால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும். நடு பட்டன் மட்டும் தேயும், ரோட்டைப் பிடிக்கும் பரப்பு குறையும், ஒவ்வொரு குழியின் அடியும் நேராக ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும்.

ஸ்டிக்கரில் அளவு வேறு கணக்கில் இருந்தால் குழம்ப வேண்டாம். கடைக்காரர் சொல்லும் 'பவுண்டு'ம் கேஜில் இருக்கும் பி.எஸ்.ஐ.யும் ஒன்றே. 1 பார் என்பது 14.5 பவுண்டு. கிலோபாஸ்கலில் 220 என்று இருந்தால் 32 பவுண்டு, 250 என்று இருந்தால் 36. ஒருமுறை பார்த்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தத் தம்பி கேட்கும்போது முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். கார் வாங்கியபின் வேறு அளவு டயர் மாற்றியிருந்தால் மட்டும் ஸ்டிக்கர் எண் அப்படியே பொருந்தாது. அப்போது டயர் கடையில் எடைத் திறனைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்க வேண்டும் என்று படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து பங்க் ஏழு கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுமே? வீட்டில் காற்று அடிக்கும் மெஷினும் கிடையாது.
*(வாசகர், திருமயம்)*

பதில்: மெஷின் வேண்டாம். ஒரு கேஜ் போதும். அதை வைத்து இந்தச் சிக்கலை முழுதாகத் தீர்த்துவிடலாம்.

முதலில் 'குளிர்ந்த டயர்' என்றால் என்ன என்று பார்ப்போம். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள எண் இந்த நிலைக்கானது. நம் மாவட்டத்தில் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் படக் கூடாது. கிழக்குப் பார்த்த வாசலில் நிற்கும் காரின் ஒரு பக்க டயர்களில் காலை எட்டு மணிக்கே வெயில் விழுந்துவிடும். அந்தப் பக்கம் இரண்டு பவுண்டு கூடுதலாகக் காட்டும், நீங்களும் மறுபக்கம் பஞ்சர் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆறு மணிக்கு, வாசல் தெளிக்கிற நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது கணக்கு. ஸ்டிக்கரில் 33 என்று வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டில் பார்க்கிறீர்கள், முன் இடது டயர் 28 காட்டுகிறது. கடன் 5 பவுண்டு. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு கிலோமீட்டர் ஓட்டி பங்குக்குப் போனதும் அதே டயரை அதே கேஜால் பாருங்கள். சூட்டில் 30 ஆகியிருக்கலாம். அதனோடு கடனைக் கூட்டி 35 வையுங்கள். மறுநாள் காலை வீட்டில் பார்த்தால் 33-ஐ ஒட்டி இருக்கும். நான்கு டயருக்கும் தனித்தனிக் கடன், தனித்தனி வரவு. பங்கில் சூடான டயரில் '33 வைங்க' என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் உண்மையில் இரண்டு மூன்று பவுண்டு குறைவாகத்தான் ஓட்டுகிறார்கள். பெரும்பாலான கார்களில் காற்று குறைந்திருக்க இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேஜ் வாங்கும்போது டயல் வைத்ததோ டிஜிட்டலோ எது வேண்டுமானாலும் வாங்கலாம், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எப்போதும் ஒரே கேஜைப் பயன்படுத்துங்கள். வால்வில் நேராக, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். புஸ் என்று சத்தம் தொடர்ந்து வந்தால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த எண்ணை நம்பாதீர்கள். இரண்டு முறை பார்த்து இரண்டும் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வால்வு மூடியைப் போட மறக்க வேண்டாம். நம் செம்மண் புழுதி வால்வு பின்னில் போய் உட்கார்ந்தால் அதுவே காற்றுக் கசிவுக்கு வழி.

கேள்வி: விராலிமலை வழியாகப் போகும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் கோடை காலத்தில் டயர் வெடித்துக் கிடக்கும் கார்களைப் பார்க்கிறோம். வெயிலில் காற்று விரியும், அதனால் சித்திரை, வைகாசியில் நாலைந்து பவுண்டு குறைத்து வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் வைக்கிறேன். சரிதானே?
*(வாசகர், இலுப்பூர்)*

பதில்: சரியில்லை. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் இந்த யோசனைதான் கோடையில் டயரை வெடிக்க வைக்கிறது.

காற்று விரியும் என்பது உண்மை. எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 27 டிகிரியில் 33 பவுண்டு வைத்த டயர், ஓடி ஓடி உள்ளே 57 டிகிரி ஆகிறது என்று கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் முப்பது டிகிரி சூட்டுக்குக் கூடுவது பத்தில் ஒரு பங்கு. 33 இருந்த இடத்தில் கேஜ் 38-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அவ்வளவுதான். இந்த ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள், ஸ்டிக்கர் எண்ணையும் தீர்மானிக்கிறார்கள். நல்ல டயரை வெறும் காற்றழுத்தத்தால் உடைக்க வேண்டுமானால் இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

அப்படியானால் வெடிப்பது எதனால்? டயர் உருளும்போது ரோட்டைத் தொடும் இடத்தில் பக்கச் சுவர் மடங்குகிறது, தரையை விட்டு மேலே போனதும் நிமிர்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இது ஒரு நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நடக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடுமே, அதுபோல ரப்பரும் உள்ளேயிருந்து சூடாகிறது. காற்று குறையக் குறைய மடங்கல் பெரிதாகிறது, சூடும் கூடுகிறது. மேலே வைகாசி வெயில், கீழே கொதிக்கும் தார், உள்ளே தானே உண்டாக்கிய சூடு. ரப்பரும் நூலும் எஃகுக் கம்பி வலையும் ஒட்டியிருக்கும் பிடிப்பு தளர்ந்து, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. வெளியே பார்க்கிறவருக்கு அது 'வெயிலில் வெடித்த டயர்'. குறைந்த காற்று, அதிக பாரம், அதிக வேகம், வயதான ரப்பர் ஆகிய நான்கில் இரண்டு மூன்று சேர்ந்தால் போதும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறைகள் இருந்தன. அதோடு காற்றழுத்தமும் பெரிய சர்ச்சையானது. ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்தது 26 பவுண்டு. ஃபயர்ஸ்டோன் 30 இருக்க வேண்டும் என்றது. டயர்கள் அதிகம் உரிந்தது டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற சூடான மாநிலங்களில். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. காற்று குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி அங்கே புதிய கார்களில் கட்டாயமானது அந்தச் சட்டத்தின் விளைவு.

நீங்கள் நாலைந்து பவுண்டு குறைப்பது கிட்டத்தட்ட அந்த 30-க்கும் 26-க்கும் இடையிலான வித்தியாசம். நம் வெயில் டெக்சாஸ் வெயிலுக்குக் குறைந்ததும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரை போகிற வழியில் டீக்கு நிறுத்தி, கேஜை வைத்துப் பார்த்து, 38 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த 38 என்பது காலையில் வைத்த அதே 33. சூட்டில் ஐந்தை இறக்கினால் மறுநாள் காலை டயரில் 28-தான் இருக்கும். வெயில் காலத்தில் ஸ்டிக்கர் எண்ணை காலையில் சரியாக வையுங்கள். நெடுந்தூரம் போகும் நாளில் அதைக் கட்டாயம் பாருங்கள். வேகத்தைக் குறையுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: பின் இடது டயரில் மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு பவுண்டு இறங்குகிறது. பஞ்சர் கடையில் இரண்டு முறை காட்டியும் ஆணி எதுவும் இல்லை என்று காற்று மட்டும் அடித்து அனுப்பிவிட்டார்கள். கண்மாய்க்கரைப் பாதையில்தான் தினமும் போய் வருகிறேன்.
*(வாசகர், ஆவுடையார்கோவில்)*

பதில்: கண்மாய்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே பாதி விடை இருக்கிறது. சீமைக் கருவேல முள். நம் மாவட்டத்தில் ஆணியைவிட அதிகம் பஞ்சர் ஆக்குவது இதுதான் என்பேன். முள் குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி ஒடிந்துவிடும். மீதி, பட்டனுக்கு மட்டமாக உள்ளே இருக்கும். கறுத்த ரப்பரில் கறுத்த புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. டியூப்லெஸ் டயர் முள்ளைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்றும் நூலிழை போலத்தான் கசியும்.

நல்ல டயரில் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பவுண்டு தானாகவே குறையும். ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிவது இயல்பு. வாரத்துக்கு மூன்று நான்கு என்றால் கசிவு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரை வரக் கரைத்து, முதலில் வால்வின் வாயில் விடுங்கள். குமிழ் வந்தால் வால்வு பின் போய்விட்டது, சின்னச் செலவு. வால்வின் அடித்தண்டை லேசாக வளைத்து அங்கேயும் விடுங்கள், வெயிலில் ரப்பர் வெடித்திருக்கலாம். பிறகு பட்டன் மேல் முழுக்கத் தடவி, காரைக் கொஞ்சம் நகர்த்தி, தரையில் பதிந்திருந்த பகுதியிலும் தடவுங்கள். அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். முள் கசிவின் குமிழ் கடுகளவுதான் வரும்.

அங்கும் இல்லையென்றால் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைப் பாருங்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்கலாம். உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடித்து மேடு தட்டும், டயர் சரியாக உட்காராது. டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் தீரும்.

முள்ளைக் கண்டுபிடித்துவிட்டால் வாசலிலேயே கத்தியால் குடைந்து எடுத்துவிடாதீர்கள். அடைப்பான் போல இருந்ததை எடுத்துவிட்டால் காற்று மொத்தமும் இறங்கிவிடும். இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, காற்றைச் சரியாக அடித்து, மெதுவாகக் கடைக்கு ஓட்டிப் போங்கள். ஓட்டை பட்டன் பகுதியில் இருந்தால் பஞ்சர் போட்டுவிடலாம். பக்கச் சுவரில் இருந்தால் பஞ்சர் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மடங்கி நிமிர்கிற இடம் அது, ஒட்டு அங்கே நிற்காது. டயர் மாற்றத்தான் வேண்டும். உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவங்களை நான் அவசரத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்வேன். நாளாக நாளாக அவை வால்வை அடைத்துக்கொள்கின்றன, சென்சார் இருந்தால் அதையும் கெடுக்கின்றன.

கேள்வி: ஆசிரியையாக வேலை பார்க்கிறேன், தினமும் நானே கார் ஓட்டிப் போகிறேன். பங்கில் காற்று அடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. இருந்தாலும் காசு கேட்கிறார்கள். வீட்டிலேயே காற்று அடிக்கச் சின்ன மெஷின் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
*(வாசகி, பொன்னமராவதி)*

பதில்: தாராளமாக வாங்குங்கள் அம்மா. அதற்குமுன் ஒரு விஷயம். எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பெட்ரோல் பங்கில் வாகனங்களுக்குக் காற்று இலவசம். மெஷின் வேலை செய்யவில்லை, காசு கேட்டார்கள் என்றால் அங்கேயே புகார்ப் புத்தகம் கேட்டு எழுதலாம். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி ஓடும் சின்ன காற்றுப் பம்பு உங்களுக்குப் போதும். ஒயரும் ஹோஸும் சேர்ந்து பின் சக்கரம் வரை எட்டுகிறதா என்பதைக் கடையிலேயே நீட்டிப் பாருங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். வேண்டிய அளவைக் குறித்து வைத்தால் தானே நிற்கும் வகை கிடைக்கும், அதையே வாங்குங்கள். காற்று அடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி இறங்கும். ஓடும் எஞ்சினோடு மூடிய ஷெட்டுக்குள் மட்டும் நிற்க வேண்டாம், புகை ஆபத்து. இந்தச் சின்ன மெஷின்கள் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும். நான்கைந்து பவுண்டு ஏற்றுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது. அடித்து முடித்ததும் ஹோஸைக் கழற்றி, தனிக் கேஜால் ஒருமுறை சரிபாருங்கள். மெஷினில் உள்ள கேஜ் ஓடும்போது காட்டுவதும் நின்றபின் உண்மையில் இருப்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. சார்ஜ் போடும் வகை வாங்கினால் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், உள்ளே உள்ள லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

காலால் மிதிக்கும் பம்பையும் நான் மதிக்கிறேன். மின்சாரமும் பேட்டரியும் எதுவும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கார் வால்வும் ஸ்கூட்டர் வால்வும் ஒரே வகை என்பதால் இரண்டுக்கும் ஒரே பம்பு உதவும். சாதாரண சைக்கிள் வால்வு வேறு மாதிரி.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் காற்று குறையவே குறையாது, டயர் சூடாகாது என்கிறார்களே?
*(வாசகர், புதுக்கோட்டை)*

பதில்: நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன். சூடானால் சாதாரணக் காற்று எவ்வளவு விரியுமோ அவ்வளவுதான் நைட்ரஜனும் விரியும். ஈரம் இல்லாதது, கொஞ்சம் மெதுவாகக் கசிவது என்ற இரண்டு நன்மைகள் உண்டு. விமானங்களுக்கு அது அவசியம். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அடித்த டயரில் காற்று குறைந்தால் நைட்ரஜன் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், சாதாரணக் காற்றையே அடிக்கலாம்.

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறோம். மலையில் குளிர், டயர் காற்று இறங்குமா? ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?
*(வாசகர், அன்னவாசல்)*

பதில்: வேண்டாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கிருப்பதைவிட மூன்று பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே குறைவு. வெளியே எதிர்த்து அழுத்துவது குறைந்ததால் கேஜ் அந்த மூன்றைக் கூட்டிக் காட்டும். இங்கே 28 டிகிரி, அங்கே காலையில் 13 டிகிரி என்றால் குளிரில் இரண்டரை பவுண்டு வரை இறங்கும். கூடுவதும் குறைவதும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தின்றுவிடும். கிளம்பும் நாள் காலை வீட்டில் சரியாக வைத்தால் போதும். திரும்பி வந்ததும் ஒருமுறை பாருங்கள். மலைப்பாதையில் காற்றைவிட பட்டன் ஆழம் முக்கியம். பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்த டயரோடு மலை ஏறாதீர்கள்.

கேள்வி: பலாப்பழ சீசனில் காரின் பின்பக்கம் முழுக்கப் பழம் ஏற்றி, ஐந்து பேரும் உட்கார்ந்து திருச்சிக்குப் போவோம். பின் டயர் நசுங்கியது போலத் தெரிகிறது. காற்றைக் கூட்டலாமா?
*(வாசகர், வடகாடு)*

பதில்: கூட்ட வேண்டும். பல கார்களின் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும். இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. இரண்டாவதில் பின் டயருக்கு நாலைந்து பவுண்டு கூடுதலாக இருப்பது வழக்கம். ஏற்றுவதற்கு முன், குளிர்ந்த டயரில் அந்த எண்ணை வையுங்கள். பாரம் இறக்கிய மறுநாள் காலை பழைய எண்ணுக்கு வந்துவிடுங்கள். ஒரே வரிசைதான் இருக்கிறது என்றால் அது முழு பாரத்தையும் சேர்த்துத்தான்.

ஆனால் காற்றைக் கூட்டிவிட்டதால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம். டயர் அளவுக்குப் பக்கத்தில் '88H' போல ஓர் எண் இருக்கும். 88 என்றால் அந்த ஒரு டயர் தாங்குவது 560 கிலோ. அதில் காரின் சொந்த எடையே பெரும்பங்கைத் தின்றுவிடும். ஐந்து பேரும் மூட்டையும் சேர்ந்தபின் பலாப்பழத்துக்கு மிஞ்சும் இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு பழம் பத்துக் கிலோவுக்கு மேல் போகும், எண்ணிப் பார்த்து ஏற்றுங்கள்.

கேள்வி: சரியான காற்று வைத்தால் மைலேஜ் எவ்வளவு கூடும்?
*(வாசகர், அறந்தாங்கி)*

பதில்: பெரிதாக இல்லை. நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருளில் 0.2 சதவீதம் இழப்பு என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்து பவுண்டு குறைந்தால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். உண்மையான நஷ்டம் டயரில். இரண்டு ஓரமும் சீக்கிரம் மொட்டையாகும், நடுவில் பட்டன் மிச்சமிருக்கும்போதே டயரைத் தூக்கிப் போட வேண்டிவரும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அது காற்றுக் குறை இல்லை, வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

மழையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதந்து பிடி விடும் வேகம், காற்று குறையக் குறைய இறங்கும். 1960-களில் நாசா விமான டயர்களில் கண்ட சூத்திரப்படி 33 பவுண்டுக்கு அது சுமார் 96 கிலோமீட்டர் வேகம், 24 பவுண்டுக்கு 82. கார் டயருக்கு எண் அப்படியே பொருந்தாது, போக்கு அதுதான். ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: புதுக் காரில் டயர் காற்று குறைந்தால் விளக்கு எரியும் என்றார்கள். இனி கேஜ் வேண்டாம்தானே?
*(வாசகர், விராலிமலை)*

பதில்: வேண்டும். கால் பங்கு காற்று போனபின்தான் பல கார்களில் அந்த விளக்கு எரியும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆகும்வரை அது பேசாமல் இருக்கலாம். சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணிக்கும் வகையாக இருந்தால், நான்கு டயரும் ஒரே அளவு குறையும்போது அதற்குத் தெரியாமலே போய்விடும். ஸ்டெப்னிக்கும் பெரும்பாலும் சென்சார் கிடையாது. நான்கு டயரைப் பார்க்கும் அன்றே ஸ்டெப்னியையும் பாருங்கள், ஸ்டிக்கர் எண்ணைவிட இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகவே வையுங்கள். தேவைப்படும்போது இறக்குவது சுலபம்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை வரும்போதுதான் காரை எடுப்பான், மற்ற நாளெல்லாம் வீட்டு முன்னால் நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. போன முறை வந்தபோது வண்டி ஓடும்போது தடதடவென்று ஆடியது. என்ன செய்யலாம்?
*(வாசகி, ஜெகதாப்பட்டினம்)*

பதில்: நின்ற இடத்திலேயே நின்றதால் தரையில் பதிந்த பகுதி தட்டையாகிப்போனது, அதனால் அந்த ஆட்டம். காற்று மாதாமாதம் இறங்கிக்கொண்டே போக, தட்டை இன்னும் ஆழமாகும். மகன் கிளம்புவதற்கு முன் ஸ்டிக்கர் எண்ணைவிட ஐந்தாறு பவுண்டு கூட்டி வைக்கச் சொல்லுங்கள், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மாதம் இருமுறை, தெரிந்த பிள்ளை யாராவது வந்து காரை நாலடி முன்னே பின்னே நகர்த்தி வைக்கட்டும். இருபது நிமிடம் ஓட்டி வந்தால் இன்னும் நல்லது, பேட்டரியும் உயிரோடு இருக்கும். அந்தப் பிள்ளையிடம் ஒரு கேஜைக் கொடுத்து வைத்து, பார்க்கும் எண்ணை உங்கள் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வெயில் படும் பக்கத்து டயர்களைப் பழைய சாக்கால் மூடுங்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமலே நின்றாலும் ரப்பர் முதிரும், உங்கள் ஊர் வெயிலிலும் கடற்காற்றிலும் சீக்கிரமே முதிரும். ஆறு வருஷம் தாண்டிவிட்டால், பட்டன் புதிது போல இருந்தாலும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டயர் கடையில் காட்டிப் பார்த்தபிறகே மகன் காரை வெளியூருக்கு எடுக்கட்டும். மகன் வந்து இறங்கியதும், திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்த களைப்போடு அன்றைக்கே சாவியைக் கேட்பார். மறுநாள் காலை காற்றை ஸ்டிக்கர் எண்ணுக்கு இறக்கி வைத்தபின் கொடுங்கள்.